கவுன்சிலருக்கு மார்க் போட்ட கதை: சிகாகோ டிராமும் கோவைத் தண்ணியும்

ஆபீஸ்ல அப்ரைசல் சீசன். வருஷம் பூரா என்ன கிழிச்சேன்னு நானே ஒரு ஃபார்ம்ல எழுதணும், மேனேஜர் படிச்ச மாதிரி தலையாட்டிட்டு அஞ்சுக்கு மூணுன்னு ஒரு நம்பர் போடுவார். அந்த நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னு கேக்கப்படாது. (பெல் கர்வ்னு ஒரு சாமி இருக்கு, அது குடுக்கும்.) ஆனா ஒண்ணுங்க, சண்டை போடணும்னா எனக்கு ஒரு ஆதாரம் இருக்கு. நான் எழுதின ஒவ்வொரு வரி கோடும் எந்தத் தேதியில போச்சு, அதுக்கு யார் ஓகே சொன்னாங்கன்னு கமிட் லாக்ல கிடக்குது. மார்க் தப்பா இருக்கலாம், லாக் தப்பா இருக்காது.

இதே வேலையை ஓட்டுப் போடுறவங்க தங்களோட கவுன்சிலருக்குச் செய்ய முடியுமா? கட்சி சாராம நாலு பேர் சேர்ந்து, வார்டு வார்டா வேட்பாளர் ஜாதகத்தை எடுத்து, இவர் தேறுவார், இவர் தேறமாட்டார்னு ஊருக்குச் சொல்ல முடியுமா? செஞ்சிருக்காங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ குடிச்சுட்டு வந்துடுங்க.

இந்த மாதிரி சப்ஜெக்ட் எடுத்தா உத்திரமேரூர்ல ஆரம்பிக்கணும்கிறது தமிழ்ப் பதிவுலகத்தோட எழுதாத சட்டம். மீற மனசில்ல :-) முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, தகுதியுள்ள பேரை ஓலையில எழுதிக் குடத்துல போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்றது. நம்ம பாடப்புத்தகம் குடத்தையே பார்த்துட்டு நின்னுடுது. எனக்குப் பிடிச்சது குடத்துக்கு முன்னாடி நடக்குற வடிகட்டல். 35 வயசுக்கு மேல, 70-க்குள்ள, வரி கட்டுற நிலம் கால் வேலிக்கு மேல, சொந்த மனையில வீடு, இப்படித் தகுதி ஒரு பட்டியல். யார் பேரை எழுதவே கூடாதுன்னு இன்னொரு பட்டியல். வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் அதுல வர்றான். அவன் மட்டுமில்லீங்க, அவனோட சொந்தக்காரங்க பேரும் குடத்துக்குள்ள போகாது.

இது பிரம்மதேய ஊர்ச் சபை, நிலமும் வேதமும் உள்ளவங்களுக்கு மட்டும். ஊர்ல பாதிக்கு மேல அந்த ஓலையிலயே கிடையாது. அதனால "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஜனநாயகம்"னு காலரைத் தூக்கிவிடுறது நமக்கு வேணாம். ஆனா முன்னாடி பதவியில இருந்தவன் கணக்கைப் பார்க்காம அடுத்த தடவை பேரைச் சேர்க்காதேங்கிற அந்த ஒரு விதி இருக்கு பாருங்க, அதை ஞாபகம் வெச்சுக்குங்க. கடைசி வரைக்கும் வேணும்.

இப்போ ஒரே தாவா சிகாகோ. ஏன் அங்கன்னா, கட்சி சார்பில்லாத குடிமக்கள் குழு ஒண்ணு வார்டு வேட்பாளர்களைத் தரம் பிரிச்சு ஜெயிச்ச கதைன்னா எல்லாரும் கைகாட்டுறது அந்த ஊரைத்தான்.

1890கள். சிகாகோ நகர சபையில 68 ஆல்டர்மேன்கள், நம்ம பாஷையில கவுன்சிலர். 34 வார்டு, வார்டுக்கு ரெண்டு பேர், வருஷா வருஷம் பாதிப் பேருக்குத் தேர்தல். அவங்களுக்குப் படி கூட்டத்துக்கு 3 டாலர். ஆனா டிராம், காஸ், கரண்டு கம்பெனிகள் நகரத் தெருவை உபயோகிக்கணும்னா அனுமதி இவங்க ஓட்டுல போகணும். மூணு டாலர் சம்பளம், கோடி ரூபா பேனா. என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். டிராம் கம்பெனி முதலாளி சார்லஸ் யெர்க்கீஸ். பிலடெல்பியாவுல பண மோசடியில ஜெயிலுக்குப் போயிட்டு சிகாகோவுக்கு வந்து செட்டில் ஆனவர். கவுன்சில்ல அவருக்கு வேண்டிய கும்பலுக்கு ஊர் வெச்ச பேர் 'சாம்பல் ஓநாய்கள்'.

1896 ஜனவரியில முனிசிபல் வோட்டர்ஸ் லீக் ஆரம்பிக்குது. தலைவர் ஜார்ஜ் கோல், ஸ்டேஷனரி வியாபாரி. பெரிய பணக்காரர் இல்ல, தன்னையே ரெண்டாந்தர வியாபாரின்னு சொல்லிக்குவாராம். 68 பேர்ல 57 பேர் திருடங்கன்னு வெளிப்படையாச் சொன்ன மனுஷன். அடுத்த நாலு மாசத்துல 34 இடத்துக்குத் தேர்தல்.

லீக் என்ன செஞ்சுச்சுங்கிறதுதான் முக்கியம். தனிக் கட்சி ஆரம்பிக்கல. ஊர்வலம், உண்ணாவிரதம் அதிகம் இல்ல. நகர சபை நடவடிக்கைக் குறிப்பு அச்சாகி வரும். அதை எடுத்து வெச்சுக்கிட்டு, எந்த டிராம் தீர்மானத்துக்கு எந்த ஆல்டர்மேன் 'ஆம்' சொன்னார், யார் 'இல்லை' சொன்னார்னு பேரோட பட்டியல் போட்டாங்க. அதோட அந்த ஆளோட தொழில், பழைய விவகாரம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு பத்தி. தேர்தலுக்கு முன்னாடி பத்திரிகைகள் அதைப் போட்டுச்சு. அவ்ளோதான் ஆயுதம். கண்டனம் வாங்கின பல பேர் அந்த வருஷமே நிக்காம ஒதுங்கினாங்க, நின்னதுல பல பேர் தோத்தாங்க. நாலைஞ்சு வருஷத்துல கவுன்சில்ல நேர்மையானவங்க கை ஓங்கிடுச்சு. 1903-ல லிங்கன் ஸ்டெஃபன்ஸ்னு ஒரு நிருபர் அமெரிக்க நகரங்களோட ஊழலைப் பத்தித் தொடரா எழுதினப்போ, சிகாகோவை மட்டும் கொஞ்சம் பாராட்டி எழுதினதுக்குக் காரணம் இந்த லீக்.

இதுல காமெடி இல்லாம இல்ல. முதல் வார்டு ஆல்டர்மேன் 'பாத்ஹவுஸ்' ஜான் காக்லின். குளியல் கடையில உடம்பு தேச்சுவிட்டு மேல வந்தவர். லீக் தன்னைப் பத்தித் தாறுமாறா எழுதிடுச்சுன்னு அவர் ஆபீசுக்கே சண்டைக்குப் போனார்னு ஒரு கதை உண்டு. லஞ்சக் குற்றச்சாட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்லியாம். நான் பொறந்தது வேற ஊர்லன்னு போட்டுட்டீங்க, அதைத் திருத்துங்கன்னாராம் :))

யெர்க்கீஸ் சும்மா இருப்பாரா? 1897-ல மாநில சட்டசபையில ஒரு சட்டம் வாங்கிட்டார். நகர சபைகள் 50 வருஷத்துக்கு டிராம் உரிமை குடுக்கலாம்னு. யோசிச்சுப் பாருங்க, அம்பது வருஷம். இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா பேரன் காலம் வரைக்கும் டிக்கெட் விலை அவர் கையில. 1898 டிசம்பர்ல அது நகர சபைக்கு வந்தப்போ ஜனங்க தூக்குக் கயிறைக் கையில வெச்சுக்கிட்டுக் கூட்டம் கூட்டமா வந்து நின்னாங்க. நூலிழையில யெர்க்கீஸ் தோத்தார். 1899-ல அந்தச் சட்டமே ரத்து. அவர் மூட்டையைக் கட்டிக்கிட்டு லண்டன் போய் அங்க சுரங்க ரயில் வேலையில இறங்கிட்டார்.

இங்கதாங்க எனக்கு ஒரு முள் குத்துது. அன்னிக்கு மேயர் கார்ட்டர் ஹாரிசனோட நின்னு யெர்க்கீஸ் பக்கம் போகாத ஆல்டர்மேன்ல முக்கியமான ரெண்டு பேர் யார் தெரியுமா? நம்ம பாத்ஹவுஸ் காக்லினும் அவர் கூட்டாளி 'ஹிங்கி டிங்க்' கென்னாவும். ஓட்டுக்கு அரை டாலர் குடுக்குற ஆளுங்க, லீக்கோட நோட்டுல கடைசி பெஞ்ச். பெரிய லஞ்சம் ஆபத்து, சின்னச் சின்ன வரும்படியோட இருந்துக்கலாம்கிற கணக்கும் அதுல உண்டு. என்ன கணக்கா இருந்தாலும், அந்தப் பத்து வருஷத்தோட பெரிய தீர்மானத்துல ஃபெயில் மார்க் வாங்கின ரெண்டு பேர் சரியான பக்கம் நின்னாங்க. காக்லினை லீக்கால கடைசி வரைக்கும் தோற்கடிக்க முடியல. 1892-ல ஆல்டர்மேன் ஆனவர், 1938-ல சாகுற வரைக்கும் ஆல்டர்மேன்!

ஏன் முடியல? லீக்ல இருந்தவங்க வியாபாரிகள், வக்கீல்கள். முதல் வார்டுல ஓட்டுப் போட்டவங்க விடுதியில தங்குற கூலிக்காரங்க. கென்னாவோட சாராயக் கடையில சாப்பாடு இலவசம், வேலை போச்சுன்னா அவர்தான் வழி பண்ணணும், போலீஸ் பிடிச்சா அவர்தான் வரணும். அவங்க வேற பேப்பர்ல மார்க் போட்டாங்க. எங்க அப்புச்சிகிட்ட பஞ்சாயத்துத் தேர்தல்ல யாருக்குப் போடலாம்னு கேட்டா இதையேதான் சொல்லுவார்: "கண்ணு, ஊருக் கெணத்து மோட்டாரு ராத்திரில நின்னு போச்சுன்னா போனு எடுக்கறது ஆருன்னு பாரு. அவனுக்குப் போடோணும்." சத்தியமா இதை ஒரு அளவுகோல் இல்லைன்னு என்னால சொல்ல முடியல. ஆர்.எஸ்.புரத்துலயும் ரேஸ் கோர்ஸ்லயும் உக்காந்து போடுற மார்க்கும், உக்கடத்துல போடுற மார்க்கும் ஒண்ணா இருக்காது. எந்தக் குழு மார்க் போட்டாலும் முதல்ல அந்தக் குழுவுல யார் யார் இருக்காங்கன்னு பாக்கணும்.

1910-ல சியாட்டில்ல இதே மாதிரி முனிசிபல் லீக் வந்து, தொண்டர்கள் வேட்பாளரை நேர்ல பேட்டி எடுத்து 'மிகச் சிறப்பு'ல இருந்து 'தகுதியில்லை' வரைக்கும் கிரேடு போடுற பழக்கம் வந்துச்சு. அது தனிக் கதை, விட்டுடுறேன்.

நம்ம நாட்டுக்கு வருவோம். சரியா நூறு வருஷம் கழிச்சு, 1996. நான் அப்போ பொறக்கவே இல்ல.

அந்த வருஷம் கொங்கு நாட்டுல ரெண்டு விஷயம். ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில 1,033 பேர் வேட்பாளரா நின்னாங்க. கோரிக்கையைக் கேக்க ஆளில்லைங்கிற கோபத்துல விவசாயிங்க கும்பலாப் போய் மனு போட்ட கதை. வாக்குச்சீட்டு புஸ்தகம் மாதிரி ஆகி, தேர்தலையே ஒரு மாசம் தள்ளி வெச்சாங்க. 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழல, அதாவது அவங்களே அவங்களுக்குப் போட்டுக்கல! எந்த லீக் வந்தாலும் 1,033 பேருக்கு மார்க் போட முடியாது, போடவும் தேவையில்ல. அவங்கதான் அரசாங்கத்துக்கு மார்க் போட்டாங்க. பதிலுக்கு அந்த வருஷமே சட்டசபை டெபாசிட் 250 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. இது போக, அதே வருஷம் அக்டோபர்ல பத்து வருஷம் கழிச்சுத் தமிழ்நாட்டுல உள்ளாட்சித் தேர்தல். 1981-லயே மாநகராட்சி ஆன கோயமுத்தூருக்கு அப்பத்தான் ஜனங்க தேர்ந்தெடுத்த முதல் மேயர், த.மா.கா.வோட வி.கோபாலகிருஷ்ணன்.

அதே 1996-ல பெங்களூர் மாநகராட்சித் தேர்தல். பப்ளிக் அஃபேர்ஸ் சென்டர்னு ஒரு அமைப்பு, ஐ.ஐ.எம். அகமதாபாத் இயக்குநரா இருந்த சாமுவேல் பால் ஆரம்பிச்சது. அவங்க ஏற்கெனவே பெங்களூர் அரசு அலுவலகங்களுக்கு ஜனங்ககிட்ட கேட்டு மார்க் போட்டுப் புகழ் பெற்றவங்க. அந்த முதல் ரிப்போர்ட் கார்டுல பெங்களூர் வளர்ச்சிக் குழுமத்துக்குத் திருப்தி 1 சதவீதம்! இப்ப வேட்பாளர் விவரத்தையும் திரட்டி வெளியிட்டாங்க. ஆனா அப்போ வேட்பாளர் எதையும் சொல்லியாகணும்னு சட்டம் கிடையாது. இஷ்டம் இருந்தா சொல்லலாம்.

அந்த 'இஷ்டம் இருந்தா'வை உடைச்சது இன்னொரு ஐ.ஐ.எம். கும்பல். 1999-ல அகமதாபாத் பேராசிரியர்கள் சிலர், திரிலோசன் சாஸ்திரி, ஜக்தீப் சோக்கர் உட்பட, ஏ.டி.ஆர்.னு ஒரு சங்கம் வெச்சு டெல்லி ஹைகோர்ட்ல பொதுநல வழக்கு போட்டாங்க. 2000-ல ஜெயிச்சாங்க. அரசு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு, 2002 மே 2-ல அங்கயும் ஏ.டி.ஆர். பக்கமே தீர்ப்பு: கிரிமினல் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாத்தையும் வேட்பாளர் சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கணும். அடிச்சுக்கிற கட்சிகள் எல்லாம் இதுக்கு மட்டும் ஒண்ணாச் சேர்ந்து எதிர்த்த அழகைப் பார்க்கணுமே. தீர்ப்பை நீர்த்துப்போக வைக்க ஆகஸ்ட்ல ஒரு அவசரச் சட்டம் கொண்டு வந்தாங்க. அப்போ குடியரசுத் தலைவர் நம்ம கலாம், பதவிக்கு வந்து ஒரு மாசம்தான். திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மாத்தாம அப்படியே மறுபடி அனுப்புச்சு, அரசியல் சட்டப்படி கையெழுத்துப் போட வேண்டியதாச்சு. கடைசியில 2003 மார்ச் 13-ல சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டப்பிரிவை ரத்து பண்ணுச்சு.

இன்னிக்கு நீங்க தேர்தல் நேரத்துல பேப்பர்ல படிக்கிற 'இத்தனை கோடீஸ்வரர், இத்தனை பேர் மேல வழக்கு' செய்தி எல்லாம் அந்த நாலு வருஷச் சண்டையோட பலன். நம்ம ஊர்ல உள்ளாட்சி வேட்பாளரும் இப்போ உறுதிமொழி ஆவணம் குடுத்தாகணும்.

எல்லாம் சரி. ஆனா கவனிச்சீங்களா? சிகாகோ லீக் பார்த்தது நகர சபையில அந்த ஆள் என்ன ஓட்டுப் போட்டார்னு. நம்ம அஃபிடவிட் சொல்றது அந்த ஆள்கிட்ட என்ன இருக்குன்னு. எத்தனை பவுன், எத்தனை ஏக்கர், எத்தனை கேஸ். கவுன்சிலரா இருந்த அஞ்சு வருஷத்துல என்ன செஞ்சார்ங்கிற காலம் அந்த ஃபார்ம்ல இல்ல. ரெஸ்யூமே இருக்கு, கமிட் லாக் இல்ல.

லாக் எடுக்க முயற்சி பண்ணினது மும்பையோட பிரஜா அமைப்பு. 1997-ல தொடங்கினது. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட்டு, எந்தக் கவுன்சிலர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், என்ன கேள்வி கேட்டார்னு எடுத்து 2010களில் வருஷா வருஷம் ரிப்போர்ட் கார்டு போட்டாங்க. நல்ல வேலை. அதுல அவங்களே வெளியிட்ட ஒரு விஷயம் என்னன்னா, கவுன்சிலர்கள் கேட்ட கேள்விகள்ல பெரிய பங்கு தெருவுக்கும் முக்குக்கும் பேர் வைக்கிறதைப் பத்தினதாம்! குப்பை, தண்ணி எல்லாம் அப்புறம். கேள்வியை எண்ணினா மட்டும் போதாது, என்ன கேள்வின்னும் பார்க்கணும்னு அவங்க பார்த்ததாலதான் இது நமக்குத் தெரியுது.

இப்போ எங்க ஊர். கோவைல ஒரு முனிசிபல் வோட்டர்ஸ் லீக் இருக்குன்னு வெச்சுக்குங்க. ஆளுக்குப் பஞ்சமில்லீங்க. கோயம்புத்தூர் கன்ஸ்யூமர் காஸ் மாதிரி தகவல் உரிமை மனுவைப் போட்டே ஊரைக் கேள்வி கேட்ட அமைப்புகள் உள்ள ஊர் இது. குடியிருப்போர் சங்கம் இல்லாத நகர் கிடையாது. அவங்க எதை வெச்சு மார்க் போடுவாங்க?

2016 அக்டோபர்ல கோவை மாமன்றத்தோட பதவிக்காலம் முடிஞ்சுது. அந்த மாசம் நடக்க இருந்த உள்ளாட்சித் தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4-ல ரத்து பண்ணுச்சு. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலர், மேயர் யாரும் கிடையாது, தனி அலுவலர் ஆட்சி. அந்த இடைவெளியில, 2018-ல, மாநகரத்துக்கு 24 மணி நேரக் குடிநீர் வினியோகத்துக்காக பிரான்ஸ் நாட்டு சூயஸ் கம்பெனியோட ஒப்பந்தம். 26 வருஷம், சுமார் 40 கோடி யூரோ. திட்டம் நல்லதா கெட்டதாங்கிற விவாதத்துக்கு நான் வரல, திட்டப் பேச்சு அதுக்கு முன்னாடியே தொடங்கினதுதான். நான் சொல்றது வேற. சிகாகோக்காரன் 50 வருஷ டிராம் ஒப்பந்தத்துக்கு யார் 'ஆம்' சொன்னான்னு பேரோட எடுத்துக் காட்ட முடிஞ்சுது. எங்க ஊர் 26 வருஷத் தண்ணி ஒப்பந்தம் கையெழுத்தானப்போ கை தூக்கவோ, தூக்காம இருக்கவோ ஒரு கவுன்சிலர்கூட இல்ல. 2022-ல மார்க் போட உக்காந்திருந்தா, அந்தக் கேள்விக்கு எதிர்ல எல்லாருக்கும் 'ஆப்சென்ட்'னுதான் போட்டிருக்கணும்.

2022-ல வாபஸ் முடிஞ்சது பிப்ரவரி 7. ஓட்டு 19. நடுவுல 12 நாள், 100 வார்டு. அந்த 12 நாளும் ஊர் முழுக்க பேச்சு ஹாட் பாக்ஸ், கொலுசு குடுக்குறாங்கன்னு கட்சிகள் மாத்தி மாத்திச் சொன்ன புகாரைப் பத்தித்தான். முடிவு வந்தப்போ தி.மு.க. கூட்டணிக்கு 96, அ.தி.மு.க.வுக்கு 3, எஸ்.டி.பி.ஐ.க்கு 1. வார்டுல யார் நின்னாங்கன்னு பார்த்து ஜனங்க போட்ட மாதிரியா தெரியுது? 2011-ல இதே மாதிரி வேற கட்சி அள்ளிட்டுப் போச்சு. அதுவும் மேயரை ஜனங்க நேரடியாத் தேர்ந்தெடுக்கிற முறை 1996, 2001, 2011-ல இருந்துச்சு, 2022-ல கவுன்சிலர்கள்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தாங்க. அதனால கவுன்சிலரோட ஓட்டுக்கு மதிப்பு கூடிடுச்சு. 2024-ல மேயர் கல்பனா ஆனந்தகுமார் ராஜினாமா பண்ணி, ரங்கநாயகி மேயர் ஆனாங்க, போட்டியின்றி. போட்டியே இல்லைன்னா யார் யாருக்குப் போட்டாங்கன்னு எதைக் குறிச்சு வைக்கிறது?

தமிழ்நாட்டு மன்றக் கூட்டங்கள்ல அஜெண்டாவுல இருக்குற தீர்மானம் எல்லாம் சில நிமிஷத்துல மொத்தமா நிறைவேறின செய்தியை நீங்க எத்தனை தடவை படிச்சிருப்பீங்க. எங்க ஊர்ல மட்டும்னு இல்ல, எந்தக் கட்சி இருந்தாலும் இதான். கவுன்சிலர் எந்திரிச்சு ரோடு சரியில்ல, லைட் எரியலன்னு பேசுவார், அது பேப்பர்ல போட்டோவோட வரும். தீர்மானம் வரும்போது மேசையைத் தட்டுவார். குறிப்புல 'ஏகமனதாக'ன்னு ஒரே வார்த்தை. உத்திரமேரூர்க்காரங்க கணக்குக் காட்டாதவனைப் பிடிச்சு நிறுத்தினாங்க, ஏன்னா கணக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பேர் சொல்லி ஓட்டெடுத்துக் குறிப்புல ஏத்தினா, அப்புறம் மார்க் போடுறது பெரிய வித்தையே இல்லீங்க. ஒரு எக்ஸெல் ஷீட் போதும், ஞாயித்துக்கிழமை மத்தியானம் நானே போட்டுத் தர்றேன்.

திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கத்து நண்பர்களே, ஒரு உதவி. உங்க மாநகராட்சி மன்ற நடவடிக்கைக் குறிப்பை யாராவது தகவல் உரிமை மனு போட்டு வாங்கியிருந்தா, அதுல தீர்மானத்தை எதிர்த்தவங்க பேர் தனியாப் போட்டிருக்கான்னு பார்த்துப் பின்னூட்டத்துல சொல்லுங்க. பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்புக்கு ஒட்டுற கோந்து வேணும்னா நான் வாங்கித் தர்றேன்.

டிஸ்கி: எந்தக் கட்சிக்காரரும் இதைப் படிச்சுட்டு எதிர்க்கட்சிக்காரன் எழுதினதுன்னு நினைக்க வேணாம். காக்லின் மாதிரி பொறந்த ஊரைத் தப்பாப் போட்டிருந்தா மட்டும் சொல்லுங்க, திருத்திடலாம்.